வியாழக்கிழமை அளவு

பலோமெராக் கெவிக்குள்
வாரம் ஒருமுறை ஏறுகிறேன்.
பையில் நிறுத்துக் கடிகாரம், பதிவேடு,
வறுத்த மாவு உருண்டை இரண்டு,
முழ நீளத்துக்கு ஒரு சாவி.

தெனெரீஃபே தீவு நெருப்பாய் வழிந்த காலத்தில்
குழம்பு இங்கே கொஞ்சம் சோம்பி நின்றிருக்க வேண்டும்.
பின்னால் வந்த மழை
அந்தச் சோம்பலை அறுத்து அறுத்து
இருநூறு மீட்டர் கீழே இறக்கிவிட்டது.
நண்பகலிலும் வானம்
கிழித்துப் போட்ட நாடா அகலம்தான்.
சுவரெல்லாம் கள்ளி. மேலே, பனியை
ஊசி ஊசியாய்க் குடிக்கும் பைன்.

இடப்பக்கம் குகைகள்.
கப்பல்கள் வருமுன் இங்கிருந்த ஜனங்கள்
செத்தவரை ஆட்டுத்தோலில் சுற்றி
ஆள் ஏறமுடியாத உயரத்தில் கிடத்தினார்கள்.
ஆள் ஏறினான்.
தோலும் எலும்பும் கண்ணாடிப் பெட்டிக்குப் போயின.
இப்போது ஒரு வல்லூறு
வாடகை தராமல் குடியிருக்கிறது.

அப்புறம் சுரங்க வாய்.
எரிமலை தன் வயிற்றுக்குள்ளேயே கட்டிய சுவர்கள்
தண்ணீரைச் சிறைவைத்திருந்தன.
ஒவ்வொன்றாய் உடைத்துப் போனவர்களுக்குக்
கூலி, பாதிதான் காசு;
மீதி, வரப்போகும் தண்ணீரில்
மாதம் ஒரு மணி நேரம்.

கதை ஊருக்கே தெரியும்.
கடைசிச் சுவர் விழுந்தபோது
அந்தப் பக்கம் நின்றார்களாம் வெள்ளை மனிதர்கள்.
உயரமாய், இமையில்லாமல்,
காலடிச் சத்தமில்லாமல்.
சனிக்கிழமை இரவுகளில்
மாட்ரிட்டிலிருந்தும் பிரேமெனிலிருந்தும் வருகிறார்கள்,
இருட்டின் மௌனத்தைப் பதிவுசெய்து
வீட்டில் பெருக்கிப் பெருக்கிக் கேட்பதற்கு.
எலிசியோவின் மதுக்கடையில் அன்றைக்கு
பேட்டரி இரட்டை விலை.

அலுவலக இரும்பலமாரியில்
முதல் பதிவேடு இருக்கிறது.
மார்ச் 9: வாயு. ஆர்கிமிரோ, தொரிபியோ, சின்ன கியர்மோ.
மார்ச் 10: வேலையில்லை.
மார்ச் 11: சுவர் உடைந்தது.
நூறு லிட்டர் தொட்டி நிரம்ப இரண்டரை நொடி.
மசி அங்கே கொஞ்சமும் நடுங்கவில்லை.

உள்ளே எண்ணூறாவது மீட்டரில்
கூரை மாவாய் உதிரும்.
எரிமலை ஊதிவிட்ட நுரைக்கல்.
திரும்பி வரும்போது நான்
தலை, புருவம், இமை, காலணி நாடாவரை வெள்ளை.

போன மாதம் ஒரு வியாழன்,
தலைவிளக்கு செத்துப்போய்
தடவித் தடவி வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.
வாசலில் இரண்டு பையன்கள்.
பளீரென்று ஒரு வெளிச்சம்.
"நில்லுங்கள்" என்றேன், தொண்டையிலும் தூசி.
என்ன குரல் வந்ததோ,
அவர்கள் ஓடிய ஓட்டத்தில்
கற்கள் எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை படம் வெளியானது.
இமையில்லை, பாருங்கள் என்றார் நிபுணர்.
இடது காலை இழுக்கிறாளே, நீதான் என்றாள்
என் தங்கை நியேவெஸ்.
எலிசியோ சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான்.
அதன் கீழே உட்கார்ந்துதான் காபி குடிக்கிறேன்.
காசு வாங்கிக்கொள்கிறான்.

சிரித்து முடித்த பிறகு, ராத்திரியில்,
வேறொன்று வந்து உட்கார்ந்தது.
மார்ச் ஒன்பதாம் தேதி
வாயுவுக்குத் தப்பி, சொல்ல ஓடிவந்தவர்கள்
இதே கூரைக்கு அடியில்தானே வந்திருப்பார்கள்?
மதியச் சோறு கொண்டு
வாசலில் நின்ற பெண்கள்
தலையிலிருந்து கால்வரை வெளுத்த புருஷர்களைப் பார்த்து
எந்தப் பக்கம் ஓடினார்கள்?
யாரிடம், என்னவென்று சொன்னார்கள்?

கேட்க ஆளில்லை. கெவியில்
கூப்பிட்டால் பெயரின் கடைசி அசை மட்டும் திரும்பும்.
ரோ என்கிறது. மோ என்கிறது.

இன்றைய அளவு:
நூறு லிட்டர் தொட்டி, எட்டரை நொடி.
போன வாரம் எட்டேகால்.
குறிப்பு என்ற கட்டத்தை
பன்னிரண்டு வருஷமாய்க் காலியாகவே விடுகிறேன்.
இன்று எழுதினேன்:
கேமரா முக்காலி ஒன்று, வலது கால் வளைந்தது,
எலிசியோ கடையில் இருக்கிறது.
உரியவர் வந்து
பயப்படாமல் வாங்கிக்கொள்ளலாம்.